இருபத்திரண்டு கவுன்ட்டர், ஒரே பதில்

எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவின் நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் முழிப்பார்கள். "தசமம்" என்று கேளுங்கள், வாட்ச்மேன் முதல் டீன் வரைக்கும் கை காட்டுவார்கள்: அடித்தளத்தில் கடைசி அறை. அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான். ஆஸ்பத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலை. எந்நேரமும் கழுத்தில் கேபிளைச் சுற்றிக்கொண்டு திரிகிறேன் என்று அவர் பதிலுக்கு என்னை "வயர்" ஆக்கிவிட்டார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

கேன்டீனில் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டால் "ஒண்ணேகால்" என்பார். யாராவது வாய் தவறி 'சுமார்' என்றுவிட்டால் போச்சு. "சுமார்னா, கூடக் குறைய எவ்வளவு?" அவர் கணவர் பள்ளிச் சீருடை தைப்பவர், சாது. ஒருநாள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்: "என் இஞ்ச் டேப்பை எடுத்து இன்னொரு இஞ்ச் டேப் வச்சு அளந்து பாக்கறா சார் இவ. நான் எங்க போய் முட்டிக்க?" குற்றம் பரம்பரையில் இருக்கிறது. அந்த அம்மாவின் அப்பா லாரி எடைமேடையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவர். காலையில் முதல் லாரி ஏறும் முன் வெறும் மேடையை எடை போட்டு, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லி மகளைத்தான் அனுப்புவாராம்.

பதவிப்படி தசமத்தின் வேலை கதிரியக்கப் பாதுகாப்பு. யார் மீது எவ்வளவு கதிர் பட்டது என்று பேட்ஜ்களைப் பார்த்துக் குறித்துவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம். அவர் போகவில்லை. சில புற்றுநோய்க்குக் கதிரியக்க மருந்தையே உடம்புக்குள் ஏற்றுவார்கள். அது ரத்தத்தோடு போய்க் கட்டியில் ஒட்டிக்கொண்டு உள்ளேயிருந்தே சுடும். வெளியேறும் வழியில் சிறுநீரகத்திலும் கொஞ்சம் தங்கி அதையும் சுடும். எவ்வளவு சுட்டது என்று கையை உள்ளே விட்டா பார்க்க முடியும்? கணக்குத்தான் போட வேண்டும். அதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. நடுத்தர உடம்பு, இரண்டு சிறுநீரகம் உள்ள பொது ஆளுக்கானது. அதில் அடங்காத ஆள் வந்தால் அட்டவணை கையை விரித்துவிடும்.

அப்படி ஓர் ஆள் வந்தார். பஸ் கண்டக்டர், ஐம்பத்து நான்கு வயது, ஒற்றைச் சிறுநீரகம். இன்னொன்றை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். அந்தத் தங்கைதான் இப்போது ஒவ்வொரு முறையும் அவரைக் கூட்டி வருவாள். முதல் நாளே தசமத்தின் அறை வாசலில் நின்று, "அண்ணனுக்கு இருக்கறது ஒண்ணுதாங்க. இன்னொண்ணு என்கிட்ட இருக்கு. பாத்துப் பண்ணுங்க" என்றாள். அன்றைக்குத் தசமம் மதியம் சாப்பிடவில்லை, அது எனக்குத் தெரியும்.

அந்த மனிதருடைய சொந்த ஸ்கேன் படத்தையே லட்சக்கணக்கான குட்டிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் கிளம்பும் துகள் எங்கே போகும், எங்கே முட்டும், எங்கே தன் சக்தியைக் கொட்டும் என்று கம்ப்யூட்டரைப் பகடை உருட்டிப் பார்க்க வைக்க வேண்டும். சிமுலேஷன் என்பார்கள். கோடிக்கணக்கில் உருட்டினால்தான் பதில் ஆடாமல் நிற்கும். நாலு சுற்றாகப் போடும் ஊசியில் முதல் சுற்றுக்குத் தசமத்தின் ஒற்றை மெஷின் பதினொரு நாள் எடுத்துக்கொண்டது. நோயாளி என்ன, பதினொரு நாள் நடைபாதையில் குடியிருப்பாரா?

அதைத் தசமம் அறுத்து அறுத்துக் குறைத்தார். கட்டத்தை விட்டு வெளியே போகவே தெம்பில்லாத துகளின் பின்னால் எதற்கு ஓட வேண்டும்? அங்கேயே கொட்டிவிட்டதாக எழுது. சிறுநீரகத்துக்கு வெளியே பிறந்து வெளியிலேயே தொலையும் கதிர்களில் பத்தில் ஒன்பதைச் சீட்டுக் குலுக்கி வீட்டுக்கு அனுப்பு, மிஞ்சிய ஒன்றைப் பத்தாக எண்ணு. இப்படி ஐந்து நாளாயிற்று. அடுத்து என்னிடம் வந்தார். "வயர், ஞாயித்துக்கிழமை அவுட் பேஷன்ட் கவுன்ட்டர்ல இருபத்திரண்டு மெஷின் சும்மாதானே தூங்குது?" தூங்கியவற்றை எழுப்பினோம். வேலையை இருபத்திரண்டாகப் பங்கு போட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் பதில். இப்படி இரண்டு ஞாயிறுகள் ஒழுங்காகத்தான் நடந்தது.

மெஷின்களில் எண் அடிப்பதெல்லாம் அதுவரை தசமமே செய்தார்; மூன்றாவது ஞாயிறு அந்த வேலை என் கைக்கு வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை கண்டக்டருக்கு நாலாவது ஊசி. அந்த மருந்துக்கு ஆயுள் திங்கள் மாலை ஐந்து மணி வரைதான். அதற்கு மேல் குப்பை. அடுத்தது வர இரண்டு மாதம் ஆகும், கட்டி அதுவரை கை கட்டி நிற்காது. அந்த ஒற்றைச் சிறுநீரகத்துக்கு டாக்டர் கிழித்த கோடு பதினெட்டு கிரே. கிரே என்றால் கதிரின் அளவு. மூன்று சுற்றில் பதின்மூன்றரையைத் தாண்டியாகிவிட்டது. நாலாவதை முழுதாகப் போட்டால் சிறுநீரகத்தின் மேல் விளிம்பில், அதிகமாகச் சுடும் இடத்தில், கோட்டுக்குள் நிற்குமா? கேள்வி அவ்வளவுதான். தாண்டினால் அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒன்றும் போய்விடும்.

தசமம் காலையிலிருந்து புது ஸ்கேனில் சிறுநீரகத்தின் எல்லையைக் கையால் வரைந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் ஒரு தாளை நீட்டினார். இருபத்திரண்டு எண்கள்.

"ஃபோல்டரை எல்லா மெஷின்லயும் காப்பி பண்ணிடுங்க. ஒவ்வொண்ணுலயும் 'விதை'ன்னு ஒரு ஃபைல் இருக்கும். அதுல இந்த எண்ணை ஒண்ணு ஒண்ணா மாத்தி அடிங்க. ரெண்டு மெஷின்ல ஒரே எண் வந்துடக் கூடாது."

"ஆகட்டும் மேடம்."

ஆகட்டும் என்று சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டாம், சாணி அப்ப வேண்டும். மச்சான் வீட்டில் மதியச் சாப்பாடு. என் மனைவி மூன்று முறை போன் செய்துவிட்டாள். "எல்லாரும் இலையப் போட்டுக் காத்திருக்காங்க. உங்களுக்கு அந்த டப்பாங்கதான் உறவா?" ஒவ்வொரு மெஷினாகப் போய் உட்கார்ந்து எண் அடிக்க ஒன்றரை மணி நேரம். எனக்கு அந்த எண்கள் வெறும் வரிசை எண் மாதிரிதான் தெரிந்தன. முதல் எண்ணை மட்டும் அடித்தேன், நெட்வொர்க் வழியாக ஒரே அமுக்கில் இருபத்திரண்டுக்கும் தள்ளினேன். நாலு நிமிஷம். அந்த அம்மா மட்டும்தான் வேலையைச் சுருக்குவாரா, நமக்கும் மூளை இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டு போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

மாலையில் நான் இல்லாததால் வாய்விட்டு வாசிக்காமல், அவர் இருபத்திரண்டு பதிலையும் ப்ரோக்ராமில் போட்டுக் கூட்டிச் சேர்த்தார். பதினேழு தசமம் இரண்டு. கூடக் குறைய தசமம் மூன்று. கோட்டுக்குள்தான். கையெழுத்துப் போட்டார், டாக்டர் கண்டக்டருக்குப் போன் செய்து வரச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. எட்டுக்கு கவுன்ட்டர் திறப்பதற்குள் எங்கள் ஃபைல்களை அழித்துவிட்டுப் போவது வழக்கம். மூன்றாவது மெஷினில் கை நின்றது. ஃபைலின் அளவு முந்தைய இரண்டிலும் பார்த்த அதே எண். நாலாவதிலும் அதே. இரண்டைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எட்டாவது தசம இடம் வரைக்கும் ஒன்று.

முந்தைய ஞாயிறுகளில் தசமம் பக்கத்தில் நின்று பதில்களை வாய்விட்டு வாசிப்பார். பன்னிரண்டு தசமம் ஒன்பது, பதின்மூன்று தசமம் நாலு என்று ஒவ்வொரு மெஷினும் கொஞ்சம் தள்ளித் தள்ளித்தான் சொல்லும். "வேற வேற சொல்றாங்கல்ல, அதான் நல்லது வயர். சொல்லி வச்ச மாதிரி பேசினா கூட்டுக் களவாணிங்கன்னு அர்த்தம்" என்று சிரிப்பார். அது ஞாபகம் வந்ததும் இன்னொரு மெஷினையும் திறந்து பார்த்தேன், அங்கேயும் அதே எண். விஷயம் முழுக்கப் புரியவில்லை. நான் எதையோ கெடுத்துவிட்டேன் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அழிக்கும் பட்டன் மேல்தான் விரல் இருந்தது. அழிப்பதுதான் வேலை, அழித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கையெழுத்து ஆகிவிட்டது, மருந்து வந்துவிட்டது, பதில் கோட்டுக்குள் இருக்கிறது. இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் பாக்கி. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். மூன்று மெஷினை அழித்தும் விட்டேன். அதற்கப்புறம் கை வரவில்லை.

படியிறங்கிப் போனால், நடைபாதை பெஞ்சில் கண்டக்டரும் தங்கையும். பதினோரு மணி ஊசிக்கு ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்குப் போட்டுடுவாங்கல்ல சார்?" என்றாள் தங்கை.

தலையை எப்படியோ ஆட்டிவிட்டு அவர்களைத் தாண்டி ஓடினேன்.

தசமம் அப்போதுதான் கைப்பையை மேஜை மேல் வைத்தார்.

"மேடம், நேத்து அந்த எண்ணெல்லாம் நான் மாத்தல. முதல் எண்ணை மட்டும் அடிச்சு எல்லாத்துக்கும் தள்ளிட்டேன்."

"எல்லா பதிலும் ஒண்ணா இருக்கா?"

"தசமம்கூட மாறல மேடம்."

திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கையெழுத்துப் போட்டுட்டேனே" என்றார். பிறகு, "நானும் பாக்கலியே. கூட்டற ப்ரோக்ராம் நான் எழுதினது. இருபத்திரண்டும் நிஜமாவே வேறயான்னு அதைப் பாக்கச் சொல்லவே இல்ல" என்றார். அந்த நேரத்திலும் என் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றாமல் பாதியைத் தன் தலைக்கு எடுத்துக்கொண்ட மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விளக்கம் டாக்டர் அறைக்கு ஓடும் வழியிலேயே கிடைத்தது. கம்ப்யூட்டர் உருட்டுவது நிஜப் பகடை இல்லையாம். எந்த எண்ணில் தொடங்குகிறதோ அதைப் பொறுத்து அடுத்தடுத்து என்ன விழும் என்பது முன்பே முடிவான விஷயம். ஒரே எண்ணில் தொடங்கினால் இருபத்திரண்டு மெஷினும் அதே வரிசையைத்தான் உருட்டும். ஆக நாங்கள் ஓட்டியது ஒரே ஒரு மெஷின். மற்ற இருபத்தொன்றும் வெறும் ஜெராக்ஸ். கூடக் குறைய தசமம் மூன்று என்று போட்டது பொய், உண்மையில் அது ஒன்று தசமம் நாலு.

டாக்டர் கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நடு எண் அதே பதினேழு தசமம் ரெண்டுதானே மேடம்? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னுவாங்க. போட்டுடலாம்."

"அதே ஒரு சோத்தை இருபத்திரண்டு தடவை நசுக்கிப் பாத்திருக்கோம் டாக்டர். பதினாறா இருக்கலாம், பத்தொன்பதாவும் இருக்கலாம். எனக்கு இப்பத் தெரியல. என் கையெழுத்தை வாபஸ் வாங்கறேன்."

"வாபஸா? வந்த மருந்தை என்ன பண்றது, கீழ கொட்டறதா? ரெண்டு மாசம் அந்தாளு தாங்குவாரா?" அவர் குரல் உயர்ந்தது. தசமம் நகரவில்லை. கடைசியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். "சிறுநீரகத்தைக் காப்பாத்தற ட்ரிப் மூணரைக்கு ஏறணும். மூணரைக்கு பதில் வேணும். இல்லன்னா இந்தச் சுற்று கேன்சல்."

மணி எட்டேகால். கவுன்ட்டர் திறந்து கூட்டம் கட்டுக்கடங்காமல் நின்றது. திங்கட்கிழமை அங்கே எள் போட்டால் எள் விழாது. நான் போய்ப் பதினொரு கவுன்ட்டரில் 'பழுது' என்று எழுதி ஒட்டினேன். கூட்டம் என்னைப் பிடித்துத் தின்றது. ஒரு பெரியவர், "மாசம் பொறந்தா சம்பளம் மட்டும் பழுதில்லாம வருதாடா?" என்று கேட்டார். கவுன்ட்டர் மேற்பார்வையாளர் வந்து சட்டையைப் பிடிக்காத குறையாக, "பதினொண்ணும் எப்படிய்யா ஒரே நேரத்துல பழுதாகும்?" என்றார்.

"பழுது என்கிட்ட சார். சாயங்காலம் எழுதிக் கொடுக்கறேன், என்ன வேணா பண்ணுங்க. இப்ப மெஷினைத் தொடாதீங்க, ஒரு உயிரு சார்."

என் முகத்தில் என்ன கண்டாரோ, பதினொரு பேரையும் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார வைத்துச் சீட்டுக் கொடுக்கச் சொன்னார்.

ஆனால் பாதி மெஷினில் பழைய வேகத்தில் ஓட்டினால் பதில் இரவு எட்டுக்குத்தான் வரும். தசமம் தலையைக் கையில் தாங்கி ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. "முழு உடம்புக்கும் கணக்குப் போட்டுக்கிட்டிருக்கோம். டாக்டர் கேக்கறது ஒரு விளிம்பு" என்றார். தட்டத் தொடங்கினார். வெளியே அலையும் கதிர்களில் பத்தில் ஒன்றைத் தொடர்ந்ததை நூறில் ஒன்றாக்கி, மிச்சமான நேரத்தை எல்லாம் அந்த விளிம்பில் பிறக்கும் துகள்களுக்குக் கொடுத்தார். ஒன்பதேகாலுக்கு முடிந்தது.

"ஏத்தட்டுமா மேடம்?"

"இருங்க. இந்தக் குறுக்கு வழி சரியான்னு முதல்ல பாக்கணும். பதில் தெரிஞ்ச ஒரு கணக்கை இதுல ஓட்டிப் பாப்போம். இருபது நிமிஷம்."

"நேரம் போகுது மேடம்!" என்று கத்தியேவிட்டேன். "இருபது நிமிஷம் நமக்கு எங்க இருக்கு?"

"நேத்து நீங்களும் நேரத்தைத்தான் மிச்சம் பிடிச்சீங்க" என்றார், கோபமே இல்லாமல். "வெறும் மேடை பூஜ்யம் காட்டலன்னா லாரியை ஏத்தி என்ன புண்ணியம்?"

இருபது நிமிஷமும் எனக்கு முள் மேல் நிற்பது போல இருந்தது. முதல் சுற்றில் பதினொரு நாள் ஓட்டிக் கிடைத்த பதிலோடு ஒப்பிட்டார். ஒத்துப்போனது. பதினொரு எண்களை அவர் வாசிக்க, கவுன்ட்டர் கவுன்ட்டராக ஓடி நானே அடித்தேன், அடித்ததை அவர் ஒரு தடவை வந்து பார்த்தார். ஒன்பது ஐம்பதுக்குப் பகடை உருளத் தொடங்கியது.

அப்புறம் காவல்தான். மதியம் ஒன்றரைக்கு ஏழாம் கவுன்ட்டர் மெஷின் கரண்ட் போனது போலப் படுத்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பத்து போதும், கூடக் குறைய கொஞ்சம் அதிகமாகும், அவ்வளவுதான்" என்றார் தசமம். அவர் கணவர் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனார். டப்பா திறக்கப்படவில்லை. கண்டக்டரின் தங்கை மட்டும் அரை மணிக்கொரு தரம் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

மூன்று பத்துக்குப் பத்து பதிலும் வந்தன. இந்த முறை தசமம் முதலில் பத்தையும் வாய்விட்டு வாசித்தார். பதினெட்டு தசமம் மூன்று, பத்தொன்பது, பதினெட்டு தசமம் எட்டு... எல்லாம் வேறு வேறு. பிறகு கூட்டினார்.

பதினெட்டு தசமம் ஆறு. கூடக் குறைய தசமம் மூன்று.

காலையில் பதினோரு மணிக்குப் போட்டிருந்தால் கோட்டைத் தாண்டியிருக்கும். தசமம் அழுதார். அழுதுகொண்டே தாளில் பெருக்கிக் கழித்துப் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டார். "முழுசா வேணாம் டாக்டர். முக்கால் பங்கு போட்டா பதினேழரைக்குள்ள நிக்கும்."

டாக்டர் பெஞ்சருகே வந்து விஷயத்தைச் சொன்னபோது கண்டக்டர் சிரித்துவிட்டார். "அரை டிக்கெட் கிழிச்சிருக்கேன் டாக்டர், முக்கால் டிக்கெட் இப்பதான் கேள்விப்படறேன்." மூன்றரைக்கு ட்ரிப் ஏறியது. நாலேகாலுக்கு ஊசி.

அவரை உள்ளே அனுப்பி ஊசி அறைக் கதவு மூடியபின் தங்கை எங்களிடம் வந்தாள். காலையில் போட வேண்டியதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். தசமம், "கணக்குல ஒரு தப்பு இருந்தது. இவர்தான் கண்டுபிடிச்சு ஓடி வந்து சொன்னார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் அண்ணே."

தசமம் என்னைப் பார்க்கவில்லை, ஊசி அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். என்னால் அந்தக் கைகளைத் தாங்க முடியவில்லை.

"தப்புப் பண்ணினதும் நான்தாம்மா" என்றேன். "இருபத்திரண்டு எண் அடிக்கச் சொன்னாங்க. சாப்பிடப் போற அவசரத்துல ஒண்ணுதான் அடிச்சேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "நீங்க சொல்லாம விட்டிருந்தா?"

"பதினொரு மணிக்கு முழுசாப் போட்டிருப்பாங்க."

புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அண்ணன் கொடுத்தது அவள் உடம்பில் இருக்கிறது, அண்ணனிடம் மிஞ்சியதை நான் ஒரு சாப்பாட்டுக்காக விற்கப் பார்த்தேன். அவள் அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"இன்னிக்குப் போட்டதுக்கு மறுபடி கணக்குப் பாப்பீங்கல்ல?" என்று தசமத்திடம் கேட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை."

"எண் அடிக்கறது இவர்தானா?"

தசமம் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. "ஆமா. இவரேதான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "எத்தனை மணிக்கு வரணும்? நான் பக்கத்துல உக்காந்து எண்ணை வாசிக்கறேன். நீங்க அடிங்க."

"ஒன்பது மணிக்கு வாங்கம்மா" என்றேன்.